எண் உங்களுக்குத்தான் வருகிறது

மார்ச் 3

காவல்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று தோன்றும். போனில் பேசினால் நீங்கள் விளக்க ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். வீட்டை விட்டு வந்தபிறகு எனக்குக் கிடைத்த சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

விஷயம் இதுதான். என் பழைய போன் போகப் போகிறது. பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரிப்பேர் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத பக்கத்துல வச்சிக்கிட்டா தூங்குறீங்க? ரொம்ப நாள் தாங்காதும்மா. உள்ள இருக்கறத எல்லாம் முதல்ல வெளிய எடுத்துடுங்க" என்றார். நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றேன். கம்பியைச் சொருகிப் பார்த்தார். போன் ஒன்றையும் வெளியே விடவில்லை. "யாரோ நல்லா விஷயம் தெரிஞ்சவங்க பூட்டியிருக்காங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

புதுப் போன் ஒன்று வாங்கிவிட்டேன். அதில் என் கணக்கைத் திறக்கப் போனால், பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன், அதைப் போடு என்கிறது. அந்தப் பழைய எண் உங்கள் எண். கல்யாணமான புதிதில் நீங்கள் கொடுத்து வைத்தது. சரி, வேறு வழி உண்டா என்று பார்த்தால் கேள்வி கேட்கிறது. நான் பிறந்த ஊர் எது என்றது. சொன்னேன். தவறு என்றது. படித்த பள்ளி? தவறு. பிடித்த சாப்பாடு? அதுவும் தவறு. என் வாழ்க்கையைப் பற்றி என்னிடமே கேட்டுவிட்டு, நான் சொன்ன உண்மையை எல்லாம் தவறு தவறு என்று தள்ளுகிறது ஒரு இயந்திரம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உண்மையான பதிலை எவனாவது ஊகித்துவிடுவான் என்று எல்லாவற்றுக்கும் பொய்யாக எழுதி வைத்தது நீங்கள்தான். என்ன பொய் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் எண்ணை என் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுதினால் நான் வேலை செய்யும், பொய்ப்பல் செய்கிற கூடத்து முகவரிக்கு எழுதுங்கள். தங்கியிருக்கும் இடத்தை இப்போதைக்குச் சொல்ல விருப்பமில்லை. கோபம் இல்லை. களைப்புதான்.

உங்கள் மனைவி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாளாகிறது. முதலில் அந்தப் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதே. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். தலையணைக்குப் பக்கத்திலோ துணிக்குள்ளோ வைக்காதே. ரிப்பேர் கடையில் பாஸ்வேர்டு கேட்டாரா? கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

இங்கே மருத்துவமனையில் எல்லாம் வழக்கம்போல. கணினிகளைக் காப்பாற்றுவதைவிட, அவற்றின் முன்னால் உட்காருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இந்த மாதமும் எல்லோருக்கும் சோதனைக்காகப் பொய் மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் விடுமுறை மனு பற்றிய முடிவு, பார்க்க இங்கே அழுத்தவும், என்று. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல வருடக்கணக்காகச் சொல்கிறேன். தலைமை மருத்துவரே முதல் ஆளாக அழுத்தினார். போய்க் கேட்டால், "லீவுன்னு போட்டிருந்தா யாருக்குய்யா கை சும்மா இருக்கும்?" என்கிறார். பாவமாகத்தான் இருந்தது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஓடிபி வந்தது. பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் போனிலோ மெசேஜிலோ யாருக்கும் சொல்லக் கூடாது, சொந்த மனைவியாக இருந்தாலும் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அதனால் இதில் எழுதுகிறேன்: 730416. படித்ததும் கிழித்துவிடு.

எண்ணை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் உன் கணக்கு காவல் இல்லாமல் நிற்கும்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. உன் பக்கத்து விளக்கு போய்விட்டது, மாற்றிவிட்டேன். என் அம்மா வாரம் தவறாமல் போன் செய்து உன்னைக் கேட்கிறாள். வேலையில் இருக்கிறாய், குளிக்கிறாய் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். எத்தனை நாள்தான் நீ குளித்துக்கொண்டே இருப்பாய் என்று தெரியவில்லை.

உன்
காவல்காரன்


மார்ச் 14

காவல்காரருக்கு,

பத்து நிமிடத்தில் செத்துப்போகிற எண்ணைத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள்.

படித்துவிட்டு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, ஏதாவது நல்ல சேதியா?" என்றாள். என்னத்தைச் சொல்ல? இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இதைச் செய்வீர்கள். விதியை மீறாமல் எனக்கு உதவியும் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். நான்தான் மறுபடி காத்துக்கொண்டிருக்கிறேன்.

எதற்காக இப்படித் தொங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் போனில் எனக்கு வேண்டியது அம்மாவின் குரல். கடைசிக் காலத்தில் எழுத்தைத் தட்டத் தெம்பில்லாமல் அவள் பேசி அனுப்பியவை. பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது. "ஏண்டி, போன எதுக்கு வச்சிருக்கே? ஊறுகா போடவா?" என்று ஒன்று. "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? பொய் சொல்லாத" என்று ஒன்று. இன்னொன்றில் இருமிவிட்டு, "சும்மாத்தான் போட்டேன், வை" என்கிறாள். காலையில் பல் துலக்கும்போது ஒன்று கேட்பேன். அதற்காகத்தான் அந்த உப்பிய போனைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். அது அணைந்துவிட்டால் மிஞ்சுவது கணக்கில் இருக்கும் பிரதிதான், உங்கள் அனுமதி இல்லாமல் என் அம்மாவை நான் கேட்க முடியாது.

வேலை பரவாயில்லை. நேற்று ஒருவருக்கு முன்பல் இரண்டு செய்தேன். அழகாக வந்துவிட்டதென்று நானே மெச்சிக்கொண்டு கொண்டுபோய்க் காட்டினால், மேற்பார்வை அம்மா, "கொஞ்சம் மஞ்சளாக்கு. இவ்ளோ வெள்ளையா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெருவுக்கே தெரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வரை அழுக்காக்கிக்கொண்டிருந்தேன்.

உங்கள் எண்ணை எடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை கேட்கிறேன்.

மனைவி


மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

சிரித்தாய் என்று படித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

உன் அம்மாவின் குரல் எனக்கும் வேண்டியதுதான். நம் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கதவில் நான் போட்டிருந்த பூட்டுகளைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள, உள்ள யாரையாவது பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. நான் உன்னை மறுக்கவில்லை. எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் மருந்துக் கிடங்கில் இருக்கும் பெண் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். யாரோ அவள் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு, அவள் பேரிலேயே அவள் தங்கைக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். தங்கை நம்பிவிட்டாள். இப்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. "என் பேர்ல வந்தது, ஆனா நான் எழுதல சார்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து உன் கணக்கைத் திறந்து என் எண்ணை எடுக்க உட்கார்ந்தேன். எடுக்க முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ முயற்சி செய்யும்போது எனக்கு எண் வருகிறது. வந்ததும், எழுந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எந்த வழியிலும் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கொஞ்சநாள் பொறுத்துக்கொள்.

அங்கே நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். அந்தத் தையற்கடைப் பக்கம் ஏறும் மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. ஈரத்தில் பார்த்து ஏறு.

உன்
காவல்காரன்


மார்ச் 26

ஐயா,

தையற்கடையைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. மாடிப்படியைப் பற்றியும் எழுதவில்லை.

வேறு எந்த வழியிலும் ஒன்றும் தெரிவதில்லை என்று எழுதிய அதே பக்கத்தின் அடியில் அதையும் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் யார் யார் ஏமாறுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர், உறையில் போடும் முன்னால் தன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். கைப்பிடி இல்லைதான். நான் கவனித்ததே இல்லை. நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

எனக்கு இதற்குமேல் எழுதத் தெம்பில்லை.


ஏப்ரல் 4

அன்புள்ள வாயாடிக்கு,

போன் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக நான் வைத்த வசதி அது. உன் கண் முன்னால்தான் வைத்தேன், நீயும் சரி என்றாய். நீ போனபிறகு அதைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. காலையில் அந்தத் தெருவிலிருந்து கிளம்பிக் கூடத்துக்குப் போகும், சாயங்காலம் திரும்பி வரும். தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையற்கடையும் படியும் அப்படித்தான் தெரிந்தன. மருத்துவமனையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். தெரிந்துதான் செய்தேன்.

திட்ட வேண்டியதை எல்லாம் பிறகு திட்டு. இப்போது இதைக் கேள். இந்த வாரம் முழுவதும் புள்ளி கூடத்தை விட்டு நகரவில்லை. ராத்திரியும் அங்கேயே இருக்கிறது. நேற்று நிறம் மங்கி அணைந்துவிட்டது. அங்கே உலை இருக்கிறது, உன்னிடம் உப்பிய பேட்டரி இருக்கிறது. கூடத்துக்கு அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? உன்னைத் தெரிந்தவர்கள் யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. உன் போனைத்தவிர உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

நாளைக் காலை முதல் வண்டியில் கிளம்புகிறேன். பார்த்ததும் கத்துவாய். கத்தினால் போதும்.

உன்
காவல்காரன்


ஏப்ரல் 9

காவல்காரருக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் அரைக்கிற இயந்திரம் ஓடினால் டெலிபோன் மணி யாருக்கும் கேட்காது. உங்கள் கடிதம் கிடைத்த அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஒரு கடைவாய்ப் பல்லைத் தப்பாக அரைத்துக் கெடுத்துவிட்டேன். நீங்கள் வரவில்லை. நல்லது.

போன் என் மேசையின் அடி இழுப்பறையில் இருக்கிறது. பல் வார்ப்புகளைப் போட்டு வைக்கும் தகர இழுப்பறை. யார் யாருடைய வாயோ அதற்குத் துணை. நீங்கள் படியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அங்கே போட்டேன். சார்ஜ் தீர்ந்து அதுவாக அணைந்தது. நீங்கள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது போனைத்தான். என்னை இல்லை.

அது இழுப்பறையில் கிடந்த நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலை முடிந்து நேரே போகாமல் வேறு தெருவில் திரும்பினேன். ஒரு பாலம் வந்தது, ஏறி நின்றேன். ஒருநாள் வழி தவறிவிட்டது. பழக்கடைக்காரரிடம் கேட்டேன், "நீங்க வந்த பக்கமே போங்கம்மா" என்றார். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கொஞ்சநேரம் நடந்தேன். பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அம்மாவின் குரல் அந்த இழுப்பறைக்குள் இருக்கிறது. இந்த நடைக்கு அதுதான் விலை என்றால் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று நேற்று முடிவு செய்தேன். செய்துவிட்டு அழுதேன். இரண்டும் ஏன் எனக்குக் கிடைக்கக் கூடாது? அவள் என் அம்மா. அந்தக் கணக்கு என்னுடையது. அந்தக் கால்களும் என்னுடையவைதான்.

நீங்கள் பயந்தீர்கள் என்பதை நம்புகிறேன். உங்கள் பயத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதற்குள்ளேயே குடியிருந்து குடியிருந்து அலுத்துவிட்டது.

இது கடைசி முறை. எண்ணை எடுத்துவிடுங்கள்.

மனைவி


ஏப்ரல் 14

அன்புள்ள வாயாடிக்கு,

நான் வந்தேன். என் கடிதம் உனக்குக் கிடைக்கும் முன்னாலேயே வந்துவிட்டுப் போய்விட்டேன்.

கூடத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருக்கிறதல்லவா, அதன் நிழலில் நின்றேன். கதவு திறந்திருந்தது, ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், தீயும் இல்லை புகையும் இல்லை. அப்போதே திரும்பியிருக்கலாம். உன்னைப் பார்க்காமல் கால் நகரவில்லை. சாயங்காலம் நீ மூன்று பெண்களோடு வெளியே வந்தாய். தலைமுடியில் எல்லாம் வெள்ளைத் தூள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாய். எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய், ஒருத்தி சிரிப்பு தாங்காமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாலையைத் தாண்டப் பச்சை விளக்கு விழுந்தது. நீங்கள் யாரும் தாண்டவில்லை. மறுபடி விழுந்தது, அப்போதும் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள்.

உனக்கு வாயாடி என்று பேர் வைத்தவன் நான். நம் வீட்டில் நீ அப்படிப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது என்பது அந்த மருந்துக்கடை வாசலில்தான் எனக்கு உறைத்தது. நீ பேசாமல் இருந்ததைப் பார்த்து, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாமல் அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

இந்தக் காகிதத்தின் அடியில் ஒட்டியிருப்பது என் சிம் கார்டு. எண்ணை இங்கிருந்தே எடுத்துவிட முடியும். ஆனால் எடுத்துவிட்டேன் என்று எழுதினால் நீ அதை நம்ப வேண்டும். நம்பு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. சிம் உன் கையில் இருந்தால் நீ யாரையும் நம்ப வேண்டியதில்லை. போட்டுப் பார், எண் உனக்கே வரும்.

கேள்விகளுக்கான பதில்களும் வேண்டியிருக்கும். பிறந்த ஊர், குடை. படித்த பள்ளி, சுத்தியல். பிடித்த சாப்பாடு, செங்கல். நீங்கள் மிகவும் நம்பும் ஆள் யார் என்று இன்னொரு கேள்வி உண்டு. அதற்கு மட்டும் பொய் எழுதவில்லை. என் பேரைப் போட்டேன். உன்னைக் கேட்காமல்தான் போட்டேன்.

நான் வேறு சிம் வாங்கிக்கொண்டேன். அந்த எண்ணை இதில் எழுதவில்லை. நீ கேட்டால் எழுதுகிறேன்.

காவல்காரன்


ஏப்ரல் 22

அன்புள்ள காவல்காரருக்கு,

சிம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் கூடத்துப் படியில் உட்கார்ந்து புதுப் போனில் போட்டேன். என் கையில் இருந்த போனே ஒருமுறை அதிர்ந்தது. எண் எனக்கு வந்தது.

செங்கல் என்று தட்டும்போது சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். என் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் கருவிகள் எவையெவை என்று வரிசையாகக் காட்டியது. உங்கள் ஆபீஸ் கணினி, உங்கள் பழைய போன், நம் வீட்டு மேசைக் கணினி. ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். வீட்டுக் கணினி வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். அப்புறம் அதையும் அழுத்திவிட்டேன். அம்மாவின் குரல் முழுசாக இருக்கிறது. ஊறுகாயைத்தான் முதலில் கேட்டேன். பழைய போனை ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன், பேட்டரியைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதாகச் சொன்னார்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஆனால் சிம்மைக் கழற்ற மறந்துவிட்டேன். அது என் போனிலேயே கிடந்தது, உங்கள் நாள் எனக்கு வர ஆரம்பித்தது. நூலகத்தில் புத்தகம் திருப்ப வேண்டிய தேதி வந்தது. கண் மருத்துவரிடம் உங்களுக்குக் குறித்த நேரம் வந்தது. கண்ணுக்கு என்ன என்று எழுதிக் கேட்கத் தோன்றியது. காலையில் மருத்துவமனைக் கணக்கின் ஓடிபி வந்தது (அது இல்லாமல் எப்படி உள்ளே போனீர்களோ), இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எழுந்ததும், பல்லைக்கூடத் துலக்காமல், எண் வந்திருக்கிறதா என்று போனைத்தான் எடுத்துப் பார்த்தேன். வந்திருந்தது. நிம்மதியாக இருந்தது. உங்களை எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. அதனால்தான் உடனே கழற்றினேன்.

கழற்றும் முன்னால் உங்கள் அம்மா கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. பிறகு மெசேஜ் வந்தது. "ஏண்டா போன எடுக்கல? சாப்பிட்டியா? அவ இன்னும் குளிக்கிறாளா?" என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குக்கூடப் புது எண்ணைக் கொடுக்காமல் இருக்கிறீர்கள். நான் பதில் போடவில்லை, அது உங்களுக்கு வந்தது. இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். நான் வீட்டில் இல்லை, இனி வரமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொல்வதுதான் முறை.

சிம்மை இந்தக் காகிதத்திலேயே ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன். இதை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள், சொந்த மனைவியாக இருந்தாலும். ஊருக்கெல்லாம் நீங்கள் எடுக்கிற பாடம்தான். உங்கள் புது எண்ணை நான் கேட்கவில்லை. என் எண்ணையும் இதில் எழுதவில்லை. யாரை மிகவும் நம்புகிறாய் என்ற கேள்விக்குப் பதிலை மாற்றிவிட்டேன்.

மாடிப்படிக்கு வீட்டுக்காரர் போன வாரம் கைப்பிடி போட்டுவிட்டார். நான்தான் கேட்டுப் போடவைத்தேன். மழையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

வாயாடி